நேர்ந்துவிட்ட மீனுக்கு வைத்தியம்

மீனைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் கூசுகிறது. தாராவியில் எங்கள் சந்தில் இருப்பவர்கள் காய்ச்சல் வந்தாலும் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மெஷினில் உட்காருகிறவர்கள். படுத்துவிட்டால்தான் நோய், எழுந்து நடமாடினால் ஒன்றுமில்லை என்பது இங்கே சட்டம். அப்படிப்பட்ட இடத்தில் நான் ஒரு கிழட்டு மீனைப் பெயின்ட் வாளியில் போட்டு மூடி, ஆட்டோ பிடித்துச் செம்பூருக்குக் கொண்டு போனேன். அந்த வெட்கத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எல்லாரும் சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். அதற்கு மேலும் ஒன்று நடந்துவிட்டது.

எங்களுக்குக் கீழே கார்கானா, மேலே வீடு. கீழே என் வீட்டுக்காரர் ஆள் வைத்து பெல்ட்டும் பர்ஸும் தைத்துக் கொடுக்கிறார். மேலே ஏறிப்போக ஓர் இரும்பு ஏணி, சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக. கீழே வாசல் பக்கம் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும் போட்டிருக்கும் இடத்தை நாங்கள் ஆபீஸ் என்போம். அந்த ஆபீஸில், ஃபேனுக்கு நேர் கீழே, மீன் தொட்டி.

எங்களிடம் சரக்கு எடுக்கும் சேட்டு ஒருவர் வாஸ்துவுக்காக ஒரே தொட்டியில் இரண்டு குஞ்சுகளை வாங்கி விட்டாராம். ஃப்ளவர்ஹார்ன் என்கிற இந்த ஜாதி மீன் இன்னொரு மீனைப் பக்கத்தில் சேர்க்காது. இரண்டும் கடித்துக் குதறிக்கொண்டதில் தோற்றதை ஒரு கவரில் போட்டு இவர் கையில் கொடுத்துவிட்டார். எங்களுக்கு வாஸ்துவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இவருக்குப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். கட்டைவிரல் அளவில் வந்தது வளர்ந்து, நெற்றியில் ஒரு உருண்டை புடைத்து, சிவப்பும் கறுப்புமாகப் பெரிய ஆளாகிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் தின்றுவிட்டுத் தலையைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் முறைப்பதால் கார்கானா ஆட்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பட்டம் வைத்தார்கள். என்னிடம் பேசாத பேச்சையெல்லாம் இவர் அதனிடம் பேசுவார். தோல் விலை ஏறியது, பார்ட்டி ஏமாற்றியது, முட்டி வலிக்கிறது, எல்லாம் மாப்பிள்ளைக்குத்தான் முதலில் தெரியும். நான் ஏணியில் பாதி இறங்கி நின்று ஒட்டுக் கேட்டுத்தான் வீட்டு நிலவரத்தையே தெரிந்துகொள்வேன்.

போன மழைக்காலத்தில் இவருக்கு வயிற்று வலி வந்தது. வாயு என்று சொல்லி சோடாவாகக் குடித்துக்கொண்டிருந்தார். இவருடைய பிடிவாதம் இந்தச் சந்துக்கே தெரியும். குடல்வால் உள்ளேயே வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். ஆபரேஷன் முடிந்தும் நினைவு சரியாகத் திரும்பவில்லை, ஐசியுவில் போட்டார்கள். நான் வெளியே வராண்டாவிலேயே கிடந்தேன். வீட்டை நினைக்கவில்லை, கார்கானாவை நினைக்கவில்லை. மீன் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று.

அவரைப் பிழைக்க வைத்து அனுப்பினார்கள். ஏணி ஏற முடியாது என்பதால் ஆபீஸ் மேஜையை வெளியே தள்ளிவிட்டு அங்கேயே ஒரு கட்டிலைப் போட்டோம். இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். வாசலைத் தாண்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ள தின்னானா?"

நான் அப்போதுதான் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அடியில் ஊறிப்போன தீனி பஞ்சு பஞ்சாகக் கிடந்தது. மீன் ஒரு மூலையில் கண்ணாடியோடு சாய்ந்து, எழ முடியாமல் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நெற்றி உருண்டை வற்றிவிட்டது. தோலில் ஊசியால் குத்திப் பார்த்த மாதிரி தலையெல்லாம் குழி. நடந்தது என்ன என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. முதலாளி இல்லையே, மீன் பட்டினி கிடக்குமே என்று கார்கானாவில் ஒவ்வொருத்தனும் தனித்தனியே ஒரு பிடி தீனி போட்டிருக்கிறான். தண்ணீர் மாற்ற ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. பாசத்தாலேயே அதை அழுகவிட்டிருந்தார்கள்.

நான் வாளியை எடுக்கப் போனேன். என் மைனி, அதாவது இவருடைய அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோவண்டியில் இருக்கிறாள். தம்பி படுத்த நாளிலிருந்து இங்கேதான் இருந்தாள்.

"ஏளா, அத அப்படியே விடு. தம்பிக்கு வந்த பலாவ அதுதான் வாங்கிக்கிட்டு."

பலா என்றால் வரவிருந்த கேடு. மைனி மூச்சு விடாமல் சொன்னாள். "அவன உள்ள போட்டு வச்சிருக்கும்போது எனக்கு அங்க நிக்கவே முடியல. இங்க வந்தேன். இந்தத் தொட்டி மேல கைய வச்சு நிய்யத்து வச்சேன். ரப்பே, என் தம்பிய விட்டுரு, பதிலுக்கு இந்த உசுர எடுத்துக்கோன்னு. சாயந்தரமே அவன வார்டுக்கு மாத்திட்டாவ. இங்க வந்து பாத்தா இது சாஞ்சு கிடக்கு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

எங்களில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் ஒரு கோழியையோ ஆட்டையோ அவர் கையால் தொடச்சொல்லி சதக்காவாக, தானமாக, ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவோம். கொடுத்ததில் ஒரு எலும்புகூட வீட்டுக்குத் திரும்பி வரக்கூடாது என்பார்கள். வந்தால் போன கேடும் சேர்ந்து திரும்பிவிடுமாம். ஆனால் மீனை நேர்ந்துவிட்டதாக நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. மைனிக்கு அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த உயிர் அதுதான்.

கட்டிலில் படுத்தபடி இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். குஞ்சிலிருந்து வளர்த்தவராயிற்றே, தாங்கவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

பார்க்க வந்தவர்கள் இவரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி மீனையும் பார்த்தார்கள். மாஷா அல்லாஹ் என்றார்கள். ஒரு பெண்பிள்ளை தன் குழந்தையைத் தூக்கி, "இந்த மீனுதான் பெரியப்பாவக் காப்பாத்துச்சு" என்று காட்டினாள். ஒரு பெரியவர் நெஞ்சில் கையை வைத்துத் தொட்டியைப் பார்த்து நின்றார். எல்லாரும் நன்றி சொன்னார்கள். அது மூச்சுக்குத் தவிப்பதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லா ஜீவனை வதைத்தால் கேள்வி உண்டு என்று ஓதிக்கொடுத்து வளர்த்த கூட்டம்தான் இது. இப்போது அது சாவதற்காக வரிசையில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

மைனி துணி எடுத்துவரக் கோவண்டிக்குப் போன அன்று வாளியை எடுத்தேன். மூடியில் ஓட்டை போட்டு, தொட்டித் தண்ணீரையே நிரப்பி, மீனை இரண்டு கையாலும் அள்ளி விட்டேன். ஒரு காலத்தில் தொட்டிக்குள் கையை விட்டால் கடிக்க வரும். அன்று கையிலேயே படுத்துக்கொண்டது. இவர் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குகிற மாதிரி இருந்தார்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, வாளியில் என்ன என்று கேட்டார். மீன் என்பதை ஹிந்தியில் மச்சி என்றேன். "கானே கா?" என்றார். சாப்பிடத்தானே என்கிறார். ஒரு நிமிஷம் உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. ஆமாம், நெருளில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் கறி வைக்க உயிரோடு கொண்டு போகிறேன் என்றேன். மகள் நெருளில் இருக்கிறாள் என்பது மட்டும் நிஜம். இந்த மீனை எப்படிச் சமைப்பது என்று அவர் செம்பூர் வருகிறவரைக்கும் பேசுவார் போலிருந்தது. நானும் புளி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே போனேன். மடியில் வாளி லேசாக அசைந்துகொண்டிருந்தது.

கிளினிக்கில் நாயும் பூனையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருடைய பேச்சும் இங்கிலீஷ். புர்காவும் பெயின்ட் வாளியுமாக நான். கவுன்டரில் இருந்த பெண் பெயர் கேட்டாள். என் பெயரைச் சொன்னேன். உங்கள் பெயர் இல்லை, பேஷன்ட் பெயர் என்றாள். பெயரில்லாமல் கம்ப்யூட்டர் எடுக்காதாம். வேறு வழியில்லாமல் மாப்பிள்ளை என்பதை ஹிந்தியில் தாமாத் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, "தாமாத் கே சாத் கோன் ஹை?" என்று கூப்பிட்டாள். தாமாத்தோடு வந்தவள் நான்தான் என்று எழுந்து போனேன்.

டாக்டர் சின்னப் பெண். மீனைப் பார்த்துவிட்டு, "காஃபி புஜுர்க் ஹை, ஆன்ட்டி" என்றாள். நல்ல வயசாளியாம். வீட்டுக்காரரைக்கூட யாரும் அவ்வளவு மரியாதையாக வயசாளி என்று சொன்னதில்லை. அழுகின தண்ணீராலும் வயதாலும் வந்தது, குணமாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாள். மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்க வேண்டும், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்ற வேண்டும், வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். சீட்டை வாங்கிப் பார்த்தால், இவருக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த அதே மாத்திரை. வயிற்றுக்குள் சீழ் வைத்தவருக்கும் தலையில் குழி விழுந்த மீனுக்கும் ஒரே மருந்து. மருந்துக்கடையில் தனியாக ஒரு அட்டை வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் என் பிழைப்பு திருட்டுப் பிழைப்பாகிவிட்டது. எங்கள் சந்தில் விடிகாலையில் கொஞ்ச நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் உறவு, சிநேகிதம் எதையும் பார்க்க மாட்டோம், டிரம் நிறைந்தால் போதும். அந்தத் தண்ணீரில் ஒரு டிரம் மீனுக்கு என்று தனியாகப் பிடித்து, குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் வாடை போக மூடாமல் வைக்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "இது யாருக்கு?" என்று கேட்டாள். பாத்திரம் கழுவ என்றேன். பாத்திரம் கழுவவா இத்தனை என்று அவள் முகம் கேட்டது. அவள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. நான் குனிந்து டிரம்மைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

மைனியிடமும் மறைத்தேன். தண்ணீர் மாற்றுவது நாற்றத்துக்காக என்றேன். மாத்திரையை ஏணிக்கு அடியில் உட்கார்ந்து பொடித்தேன். ஒரு நாள் மத்தியானம் மீன் மூலையை விட்டு நகர்ந்தது. ஒரு மணி தீனி போட்டேன். வாயில் எடுத்துத் துப்பியது. மறுபடி எடுத்தது, விழுங்கிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோய், "ஏங்க, மாப்பிள்ள தின்னுட்டான்!" என்று கத்தினேன்.

இவர், "ம்" என்றார். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என் சத்தத்தைக் கேட்டு மைனி ஏணியில் இறங்கி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

"அவன் மாத்திரைய எடுத்து மீனுக்குப் போடுதியா?"

"இது வேற அட்ட, மைனி. தனியா வாங்குனது."

"எதுவா இருந்தா என்ன? சதக்காவாக் கொடுத்தத திருப்பி எடுக்கியே, உனக்கு ஈரல் குலை நடுங்கலியா? அது பொழச்சா போனது எங்க போவும்? யார்ட்ட வரும்?"

"தண்ணிய மாத்துனா மீனு பொழைக்கும். ஆபரேஷன் பண்ணுனா மனுசன் பொழைப்பான். ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க நிய்யத்து வைக்கதுக்கு முன்னாலேயே அது நாறிப்போய்க் கிடந்துச்சு."

இன்னும் பேசினேன். உங்கள் தம்பிக்கு ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நன்றி சொல்லுங்கள், அந்த மீனை நிம்மதியாக இருக்க விடுங்கள் என்றெல்லாம் பேசினேன். எனக்குக் கோபம் வந்தால் வார்த்தைக்கு அளவு கிடையாது. மைனி அழுதுகொண்டே மேலே போனாள். நான் சொன்னதெல்லாம் சரி என்று எனக்கு அப்போது துளிச் சந்தேகமும் இல்லை.

மறுநாள் காலையில் இவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது.

மாத்திரையைப் பொடித்துக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றிருந்தேன். பின்னால் கட்டில் கிடுகிடுவென்று ஆடும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். போர்வைக்குள் பல் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஐயோ இவருக்கு என்ன ஆகுமோ என்று முதலில் தோன்றவில்லை. மைனியின் முகம்தான் முதலில் வந்தது. இவர் போய்விட்டால், கொடுத்த சதக்காவைத் திருப்பி எடுத்துப் புருஷனை முழுங்கியவள் என்று கோவண்டியிலிருந்து நெருள் வரைக்கும் பேசுவார்கள். என் மகள் காதுக்கும் அது போகும். அதுதான் முதலில் வந்தது. நேற்று அவ்வளவு வாய் பேசியவள் நான். காகிதத்தை நாலாக மடித்து, டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தினேன்.

அதற்குப் பிறகுதான் அவர் குரல் வந்தது.

"ஏளா... இன்னைக்கு அதுக்கு மருந்து போடாத."

"என்னது?"

"போடாத. சோட் தே, விட்டுரு. எனக்குப் பயமா இருக்குளா."

அத்தனை நாள் அவர் மீனைப் பற்றிக் கேட்காததும், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது சாகப்போகிறதே என்று அவர் வருத்தப்படவில்லை. அது பிழைத்துவிடுமோ என்று பயந்துகொண்டு கிடந்திருக்கிறார். நான் தீனி தின்றதைச் சந்தோஷமாகக் கத்திச் சொன்னபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

"நீங்க சொன்னா சரி" என்றேன். கல்யாணமானதிலிருந்து ஒருநாளும் நான் அப்படிச் சொன்னதில்லை. அங்கேயே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மீன் முன்பக்கக் கண்ணாடிக்கு வந்து நின்றது. முந்தின நாள் தின்ற ருசி. ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துத் தொட்டியை முழுக்க மூடினேன். ஹீட்டர் பிளக்கையும் பிடுங்கினேன். அதை அவர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தையலை ஒரு விரலால் அழுத்தினார். சீழ் வந்தது. உள்ளே ஒரு இடத்தில் தங்கியிருந்திருக்கிறது, இப்படி ஆவது உண்டு என்றார். திறந்து கழுவி மறுபடி அட்மிட் செய்தார்கள். நான் அந்த டாக்டரிடம் போய், இது வேறு எதனாலாவது வந்திருக்குமா என்று கேட்டேன். "வேற எதனால?" என்றார் எரிச்சலாக. சீழைக் கண்ணால் பார்த்தபிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் தப்பாகச் சொன்ன பிள்ளை மாதிரி நின்றேன்.

காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு வந்தோம். பெட்ஷீட் அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. மைனி தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருப்பாள். இவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் துணியைப் பிடித்தேன். செத்துக் கிடக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இழுத்தேன். செத்திருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடலாம். எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

"போயிட்டானா?" என்றார் இவர்.

"இல்ல."

அது உயிரோடு இருந்தது. மூலையில் சாய்ந்து, செவுளை வேகமாக அடித்துக்கொண்டு. இந்தப் பக்கம் இருந்த கண் பால் ஊற்றின மாதிரி வெளுத்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை.

"கண்ணு ஏன் அப்படி இருக்கு?"

"தண்ணி கெட்டுப்போச்சுல்லா. மருந்தும் போடல."

அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு துண்டுக்குள்ளிருந்தே, "மருந்த எடு. ஹீட்டரப் போடு" என்றார். செம்பூர் டாக்டருக்கு போன் செய்தேன். உயிர் தப்பலாம், அந்தக் கண் திரும்பாது என்றாள். ஏன் நடுவில் நிறுத்தினீர்கள் என்று கேட்டாள். வீட்டில் உடம்பு சரியில்லை என்றேன். "ஓ, சாரி ஆன்ட்டி" என்றாள். அவள் சாரி சொன்னதும் போனை வைத்துவிட்டேன்.

மீன் மெல்லத் தேறியது. இந்தத் தடவை நான் எதையும் மறைக்கவில்லை. டிரம்மை எல்லாரும் பார்க்க உருட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் மீனுக்கு என்று சொல்லிவிட்டேன். அவள் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அது நியாயம்தான்.

இவர் நடக்க ஆரம்பித்தபோது, கோவண்டிக்குத் திரும்பிப் போயிருந்த மைனி ஒரு டப்பா நிறைய ஜர்தா, அதான் இனிப்புச் சோறு, செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் அவளுக்கும் அந்தச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "பாத்தியாளா? நீ மருந்த நிறுத்துன, காய்ச்சல் இறங்கிட்டு" என்றாள். குத்திக்காட்டவில்லை. தம்பி பிழைத்த சந்தோஷத்தில், என்னை மன்னித்துவிட்ட மாதிரிதான் சொன்னாள்.

இவர் அவளைத் தடுத்தார். "அக்கா, அது தையல்ல சீழு. டாக்டரு கீறி எடுத்தாரு, நான் பாத்தேன். மீனு எனக்கு ஒண்ணும் செய்யல. நான்தான் அதுக்குச் செஞ்சேன். வளத்த கையால சாவட்டும்னு விட்டேன்." குரல் உடைந்துவிட்டது. என்னைக் காட்டி, "இவ பாவம். இவ அதப் பொழைக்க வச்சுட்டா. நான் நிறுத்தச் சொன்னேன். என் பேச்சத் தட்ட முடியாமதான் நிறுத்துனா. இவளுக்கு அதுல ஒரு பங்கும் இல்ல" என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். மைனி என்னைப் பார்த்த பார்வையில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. அதை வாங்கிக்கொள்ள எனக்கு உடம்பு கூசியது. செய்யாத நல்லதுக்குப் பாராட்டு வாங்குவதைவிடத் திட்டு வாங்குவது எனக்குப் பழக்கம்.

"நீங்க சொல்லுததுக்கு முன்னாலேயே நான் மாத்திரைய மடிச்சு உள்ள வச்சாச்சு" என்றேன். "உங்களுக்குப் பல்லு அடிக்க ஆரம்பிச்சதும் வச்சுட்டேன். ஹீட்டரையும் நான்தான் பிடுங்குனேன்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மீன் அது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன். அவர் முகம் மாறியது. கண்ணில் நீர் இருக்கும்போதே வாய் கோணிச் சிரிப்பு வந்தது.

"எனக்காவளா?" என்றார்.

நான் தொட்டிப் பக்கம் பார்த்தேன்.

"அந்த மீனுக்காக அக்காகிட்ட அம்புட்டுச் சண்டை போட்டவ. எனக்குக் காய்ச்சல்னதும் அதக் கைகழுவிட்டியா?" மைனியின் பக்கம் திரும்பினார். "பாத்தியாக்கா? வாயத் தொறந்தா என்னை வையத்தான் செய்வா. மனசுல எம்புட்டு வச்சிருக்கா பாரு."

மைனி எழுந்து வந்து என் தலையில் முத்தம் கொடுத்தாள். ஜர்தாவை எடுத்து என் வாயில் ஊட்டினாள். நான் மென்று விழுங்கினேன். முதலில் நினைத்தது உங்களை இல்லை, ஊர் வாயைத்தான் என்று சொல்ல அதுதான் நேரம். வாய் நிறைய இனிப்பு இருந்தது. விழுங்கியபிறகும் சொல்லவில்லை.

இப்போது இவர் நன்றாக இருக்கிறார். கார்கானா ஓடுகிறது. மேஜை பழைய இடத்துக்கு வந்துவிட்டது. மீனும் இருக்கிறது. தீனியை அதன் நல்ல கண்ணிருக்கும் பக்கமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் தேடும். இவர் தினமும் அதைச் செய்கிறார், பொறுமையாக, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. அதோடு விட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. சரக்கெடுக்க வருகிறவர்கள், மாமன் மச்சான் உறவுக்காரர்கள், யார் வந்து, மீனுக்குக் கண் ஏன் இப்படி என்று கேட்டாலும் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு முழுக் கதையையும் சொல்கிறார். ஆஸ்பத்திரி, ஆட்டோ, தாமாத், எல்லாம் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் என்னைக் காட்டி முடிப்பார். பெத்த பிள்ளை மாதிரி பார்த்த மீனையே எனக்காக விட்டாள் என்பார். கேட்கிறவர்கள் கொடுத்து வைத்தவர் என்பார்கள். நான் டீத் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். இவருக்கு இவ்வளவு வயதில் இப்படி ஒரு பெருமை கிடைத்திருக்கிறது, அதுவும் என்னைக்கொண்டு. அந்த முகத்தை நான் இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

போன வாரம் ஆள் போனபிறகு சொல்லிப் பார்த்தேன். "இனிமே யார்ட்டயும் அதச் சொல்லாதீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நான் என்ன பொய்யா சொல்லுதேன்?"

டீ கிளாஸ்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், விளையாட்டாகக் கேட்டவர் கொஞ்சம் பயந்த மாதிரி.

"பொய்னு யாரு சொன்னா?" என்று சொல்லிவிட்டு, கழுவப் போட்டேன்.